லினக்ஸுக்கு ஒரு கேமரா வாங்குவோம்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், 2018-க்கு முந்தைய கணினிகளில் பெரும்பாலானவற்றை அது ஏற்பதில்லை. பள்ளிகொண்டா மாதிரியான ஊரில் ஒரு கணினி பத்து வருஷம் உழைப்பது சாதாரணம். ஜாப் ஒர்க் எடுத்து ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டின் கணக்கு மேசையிலும், பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருக்கிற வீட்டிலும் அது இன்னும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. தூக்கிப்போட மனம் வராதவர்கள் அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகளான மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்கிறார்கள். போட்ட சில நாளில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: ‘இதுக்கு எந்த வெப்கேமரா வாங்கலாம்? விலையும் குறைவா இருக்கணும், லினக்ஸ்லயும் வேலை செய்யணும்.’

கையிலிருக்கும் டீ ஆறுவதற்குள் ஒரு மாடல் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த மாடல் அடுத்த வருஷம் கடையில் இருக்காது. ஏன் சில கேமராக்கள் உடனே வேலை செய்கின்றன, ஏன் சில செய்வதில்லை என்று தெரிந்துகொண்டால், வேலூரில் எந்தக் கடைக்குப் போய் எந்தப் பெட்டியை எடுத்தாலும் நாமே முடிவு செய்யலாம். அதனால் கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

முதலில் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்போம். விண்டோஸ் 7, 8, 10, 11 என்று வரிசையாகப் போட்டிருக்கும். சிலவற்றில் மேக் என்றும் இருக்கும். லினக்ஸ் என்ற பெயர் அநேகமாக இருக்காது. நாம் எல்லோரும் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். பெட்டியில் பெயர் இல்லை, ஆகவே இது லினக்ஸில் ஓடாது என்று நினைக்கிறோம். ஓட வேண்டுமானால் கேமராவைச் செய்த கம்பெனியே லினக்ஸுக்கென்று தனி டிரைவர் எழுதித் தந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். அப்படித் தருவது பெரிய கம்பெனியாகத்தான் இருக்கும், அதன் கேமரா விலையும் கூடுதலாகத்தான் இருக்கும் என்று முடிக்கிறோம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இந்த மூன்று எண்ணங்களும் தவறு. அடியிலிருக்கும் முதல் எண்ணத்தை எடுத்துவிட்டால் மற்றவை தாமே சரிந்துவிடும்.

டிரைவர் என்பது கணினிக்குள் இருந்துகொண்டு ஒரு கருவியை வேலை வாங்கத் தெரிந்த மென்பொருள். படத்தை அனுப்பு, அளவு இவ்வளவு, நொடிக்கு இத்தனை, வெளிச்சம் போதவில்லை கூட்டு என்று கேமராவுக்குச் சொல்வது அதுதான். பதிலுக்கு வரும் எண்களின் ஓட்டத்தைப் படமாகப் பிரித்துத் தருவதும் அதுதான். ஒவ்வொரு கேமராவும் தனக்கென்று ஒரு கட்டளை முறையை வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் வேண்டும். எல்லாம் ஒரே முறைக்குக் கட்டுப்பட்டால் ஒரே டிரைவர் போதும், அதைக் கேமரா செய்தவர்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை.

நம் பக்கத்துத் தொழிலை வைத்தே இதைப் பார்க்கலாம். ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ தைத்த ஷூவை ஜெர்மனியில் ஒருவர் கடையில் எடுத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறார். தைத்தவர் அந்தக் காலைப் பார்த்ததில்லை. போட்டவருக்கு ஆம்பூர் எங்கே இருக்கிறது என்று தெரியாது. நடுவில் 42 என்ற எண் இருக்கிறது. 42 என்றால் லாஸ்ட் எனும் கால் அச்சு எவ்வளவு நீளம் என்று ஃபேக்டரிக்குத் தெரியும், தன் கால் 42 என்று வாங்குபவருக்குத் தெரியும், அவ்வளவு போதும். ஷூ பெட்டியில் வாங்குபவரின் பெயர் இல்லையே என்று யாரும் தேடுவதில்லை. இந்த எண்கள் வழக்கத்துக்கு வருமுன் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்து காகிதத்தின்மேல் காலை வைத்துக் கோடு போட்டுத்தான் ஒவ்வொரு ஜோடியும் தைக்க வேண்டியிருந்தது. வெப்கேமராவுக்கும் அப்படி ஒரு காலம் இருந்தது, பிறகு ஓர் அளவு எண் வந்தது.

அந்தப் பொது அளவின் பெயர் யுஎஸ்பி வீடியோ கிளாஸ். சுருக்கமாக யுவிசி. யுஎஸ்பி இணைப்புக்கான விதிகளை வகுக்கும் தொழில்துறை மன்றம் 2003இல் இதன் முதல் பதிப்பை வெளியிட்டது. யுஎஸ்பியில் செருகும் கேமரா தன்னை எப்படி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும், என்னென்ன அளவுகளில் படம் தர முடியும் என்று எப்படிச் சொல்ல வேண்டும், வெளிச்சம், நிறம், ஃபோகஸ் ஆகியவற்றை மாற்றும் கட்டளைகள் எவை என்று அதில் எழுதிவைத்திருக்கிறது. இதைப் பின்பற்றும் கேமரா எதுவானாலும் யுவிசி தெரிந்த கணினி எதிலும் வேலை செய்யும். கணினியில் ஓடுவது விண்டோஸா லினக்ஸா என்பது கேமராவுக்குத் தெரியவே தெரியாது.

காகிதத்தில் அளவெடுத்த காலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அதைத் தாங்கியவர்கள் சம்பளத்துக்குச் செய்யவில்லை. மிஷேல் சார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, ஒவ்வொரு கேமராவின் தனிப்பட்ட முறையையும் துப்பறிந்து, இருநூறுக்கும் மேற்பட்ட மாடல்களை லினக்ஸில் ஓட வைத்தார். அந்த டிரைவர் தொகுப்பின் பெயர் ஜிஎஸ்பிசிஏ. பிலிப்ஸ் கேமராக்களின் கதை வேறு மாதிரி. அவற்றின் டிரைவரில் படத்தை விரித்தெடுக்கும் பகுதி மட்டும் மூடிய நிரலாக இருந்தது. அந்த மூடிய பகுதியைக் கோர்ப்பதற்கென்றே விட்டிருந்த வழியை லினக்ஸுக்குள் வைத்திருக்க முடியாது என்று 2004இல் பராமரிப்பாளர்கள் எடுத்துவிட, எழுதியவர் டிரைவரையே திரும்பப் பெறச் சொல்லிவிட்டார். பிறகு லூக் சயார் என்பவர் அந்த விரிக்கும் முறையைத் தாமே கண்டுபிடித்துத் திறந்த நிரலாக எழுதியதால்தான் அந்தக் கேமராக்கள் மீண்டும் லினக்ஸில் வேலை செய்தன. லினக்ஸில் வெப்கேமரா ஓடாது என்று இன்றும் சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காலத்து அனுபவத்தைக் கேட்டுச் சொல்பவர்களே. அப்போது அது உண்மையும்கூட.

2008 ஜூலையில் வந்த லினக்ஸ் கெர்னல் 2.6.26இல் லோரான் பான்ஷார் எழுதிய யுவிசிவீடியோ என்ற டிரைவர் சேர்ந்தது. அடுத்த பதிப்பிலேயே பழைய கேமராக்களுக்கான ஜிஎஸ்பிசிஏவும் சேர்ந்துவிட்டது. கெர்னல் என்பது இயங்குதளத்தின் நடுப்பகுதி. உபுண்டு, மின்ட், டெபியன், நம் சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸ் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது அதே கெர்னல்தான். ஆகவே கணினியில் லினக்ஸை நிறுவியபோதே கேமராவின் டிரைவரும் வந்து சேர்ந்துவிட்டது. சிடி வேண்டாம், இணையத்தில் தேட வேண்டாம், பாஸ்வேர்டு கேட்கும் எந்த நிறுவலும் வேண்டாம்.

இப்போது மூன்றாவது எண்ணத்துக்கு வருவோம். விலை குறைந்த கேமரா லினக்ஸில் ஓடுமா? சொல்லப்போனால் அதற்குத்தான் வாய்ப்பு அதிகம். விஸ்டா காலத்தில் தன் முத்திரை வேண்டும் என்ற கேமரா யுவிசியைப் பின்பற்ற வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் நிபந்தனை வைத்தது. சொந்தமாக டிரைவர் எழுதுவதும், விண்டோஸ் மாறும்போதெல்லாம் அதைத் திருத்துவதும் செலவு. எண்ணூறு ரூபாய்க்குக் கேமரா விற்பவரால் அந்தச் செலவைத் தாங்க முடியாது. சோனிக்ஸ், ரியல்டெக் மாதிரி சில சிப் தயாரிப்பாளர்களிடம் யுவிசி தெரிந்த சிப்பை வாங்கி, ஒரு சென்சாரும் லென்ஸும் சேர்த்து, மேலே தன் பெயரை அச்சடித்து விடுகிறார். கடையில் பத்துப் பெயர்களில் தொங்கும் கேமராக்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இரண்டு மூன்று வகைச் சிப்தான் இருக்கும். சிக்கல் வருவது பெரும்பாலும் விலை கூடிய கேமராவில்தான். அதுவும் படம் வராது என்பதில்லை. பின்னணியை மங்கலாக்குவது, முகத்தைத் தொடர்ந்து திரும்புவது, கேமராவின் உள்மென்பொருளைப் புதுப்பிப்பது போன்ற கூடுதல் வித்தைகளுக்கு அந்தக் கம்பெனியின் விண்டோஸ் செயலி வேண்டியிருக்கும், அது லினக்ஸுக்குக் கிடைக்காது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது புதிய விஷயமும் இல்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அந்தக் கணினியை வாங்கியவர்களில் எத்தனையோ பேர் லினக்ஸ் பக்கம் போகாமலே படிப்பை முடித்திருப்பார்கள். அது எனக்கு வருத்தம்தான். அந்தக் காலத்து மடிக்கணினிகளின் திரைக்கு மேலிருக்கும் குட்டிக் கேமரா, உடம்புக்குள்ளேயே யுஎஸ்பி கம்பியில் இணைந்த யுவிசி கேமராதான். பரணில் அப்படி ஒன்று கிடந்தால், புதுக் கேமரா வாங்குமுன் அதை எடுத்துத் துடைத்து லினக்ஸ் போட்டுப் பார்ப்பது நல்லது.

சரி, யுவிசி என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்த எழுத்துகளைப் பெட்டியில் அச்சிடும் வழக்கம் குறைவு. ஆனால் வேறு சொற்களில் அதையே சொல்லியிருப்பார்கள். ‘பிளக் அண்ட் பிளே’, ‘டிரைவர் தேவையில்லை’ என்று இருந்தால் விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் பொது டிரைவரை நம்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அது யுவிசிதான். மேக்கிலும் ஓடும் என்றால் இன்னும் நம்பலாம். குரோம்புக்கில் ஓடும் என்று போட்டிருந்தால் சந்தேகமே வேண்டாம், குரோம்புக்கின் உள்ளே இருப்பது லினக்ஸ் கெர்னல். இதற்கு நேர்மாறாக, பெட்டிக்குள் ஒரு சிடி வைத்து ‘முதலில் இதை நிறுவவும், பிறகு கேமராவைச் செருகவும்’ என்று எழுதியிருந்தால் அது பழைய சரக்கு. எவ்வளவு மலிவாக இருந்தாலும் கீழே வைத்துவிடலாம்.

கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் இதைவிட உறுதியான வழி இருக்கிறது. ஒரு பென்டிரைவில் லினக்ஸ் மின்ட்டை எழுதி எடுத்துக்கொண்டு போகலாம். கடையிலுள்ள கணினியை அதிலிருந்து தொடங்கினால் ஹார்ட் டிஸ்கில் எதுவும் மாறாது. கேமராவைச் செருகிவிட்டு டெர்மினலைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் எல், எஸ், யு, எஸ், பி என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறு கோடும் டி எழுத்தும் போட்டு என்டர் தட்டினால், யுஎஸ்பியில் செருகியிருக்கும் கருவிகள் மரக்கிளை போல விரியும். கேமராவுக்குரிய வரியில் வகுப்பு ‘வீடியோ’ என்றும் டிரைவர் ‘யுவிசிவீடியோ’ என்றும் ஆங்கிலத்தில் தெரிந்தால் வேலை முடிந்தது. வகுப்பு எண்ணாகத் தெரியும் இடங்களில் வீடியோவுக்கு 14. தன் சொந்த முறையைப் பேசும் கருவி 255 என்று காட்டும்.

வீட்டுக்கு வந்து செருகியும் படம் வரவில்லை என்றால் உடனே கேமராவைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு கேமராவின் படத்தை ஒரு நேரத்தில் ஒரே செயலிதான் எடுக்க முடியும். பிரவுசரில் ஏதோ ஒரு தாவல் அதைப் பிடித்துக்கொண்டிருந்தால் மற்றதில் கறுப்புத் திரைதான். இன்னொன்று, புதிய கெர்னல்களில் ஒரே கேமரா வீடியோ0, வீடியோ1 என்று இரண்டு பெயர்களில் தோன்றும். முதலாவதில் படம் வரும், இரண்டாவதில் படத்தைப் பற்றிய குறிப்புகள் மட்டும் வரும். செயலி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்திருந்தால் ஒன்றும் தெரியாது. பட்டியலில் மற்றதைத் தேர்ந்தெடுத்தால் படம் வந்துவிடும்.

ஆகவே, இன்று கடையில் இருக்கும் யுஎஸ்பி கேமராக்களில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடும். நாம் கவலைப்பட வேண்டிய கேள்வி வேறு: ஓடும் கேமராக்களில் எது நல்லது? பணம் வீணாவது இங்கேதான்.

பெட்டியின் முன்பக்கம் பெரிதாக 20 மெகாபிக்சல், 25 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். மெகாபிக்சல் என்பது படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை, பத்து லட்சத்தில் சொல்வது. குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள் உள்ள படத்தில் மொத்தம் 3,07,200 புள்ளிகள், அதாவது 0.3 மெகாபிக்சல். 1280க்கு 720 என்றால் 9,21,600. முழு எச்டி எனப்படும் 1920க்கு 1080 என்றால் 20,73,600, ஏறத்தாழ இரண்டு மெகாபிக்சல். வீடியோ அழைப்புக்கு அதற்குமேல் தேவையே இல்லை. அப்படியிருக்க அறுநூறு ரூபாய்க் கேமராவில் 25 எங்கிருந்து வந்தது? சென்சார் பார்த்தது 3,07,200 புள்ளிகள்தான். விண்டோஸ் செயலி ஒன்று அவற்றுக்கு நடுவே கணக்குப் போட்டுப் புதுப் புள்ளிகளை நிரப்பிப் பெரிதாக்குகிறது. லினக்ஸில் அந்தச் செயலி இல்லாததால் கேமரா உண்மையில் பார்த்தது மட்டும் வரும். உடனே ‘விண்டோஸில் 25, லினக்ஸில் 0.3, பாருங்கள் லினக்ஸ் சரியில்லை’ என்கிறார்கள். லினக்ஸ் உள்ளதை உள்ளபடி காட்டியது, அவ்வளவுதான். எனவே மெகாபிக்சலைப் பார்க்காமல் 720 அல்லது 1080 என்ற எண்ணைத் தேடுவோம். அதுவும் ‘வீடியோ அளவு’ என்ற இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்போம்.

எச்டி கேமரா வாங்கியும் படம் விட்டுவிட்டு வருகிறது என்பது அடுத்த புகார். அதற்குக் காரணம் கம்பியில் இருக்கிறது. கேமரா படத்தை இரண்டு விதமாக அனுப்பும். ஒன்று, சுருக்காத பச்சைப் படம், புள்ளிக்கு இரண்டு பைட். 640க்கு 480 அளவில் நொடிக்கு 30 படம் என்றால் 18 மெகாபைட்டுக்குச் சற்று மேல். 1920க்கு 1080 என்றால் நொடிக்கு 124 மெகாபைட். யுஎஸ்பி 2.0 கம்பியின் முழு வேகமே நொடிக்கு 60 மெகாபைட்தான், அதில் கேமராவுக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு. எனவே பச்சைப் படமாக எச்டி கேட்டால் கேமரா நொடிக்கு ஐந்து படம்தான் தரும். இன்னொரு விதம், ஒவ்வொரு படத்தையும் கேமராவே சுருக்கி அனுப்புவது. எம்ஜேபெக் என்று அதற்குப் பெயர். அதில் முழு எச்டியும் நொடிக்கு 30 படமாக வந்துவிடும். படம் திக்கினால் செயலியின் அமைப்பில் எம்ஜேபெக்கைத் தேர்ந்தெடுத்தால் போதும். சாம்பிள் ஷூவைக் காட்ட மேலிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என்று இரண்டு கேமரா வைப்பவர்கள் இரண்டையும் ஒரே யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியின் வெவ்வேறு பக்கத்துத் துளைகளில் செருகுவது நல்லது. ஒரு கம்பியின் இடத்தை முதல் கேமராவே பிடித்துக்கொண்டால் இரண்டாவது தொடங்கவே தொடங்காது.

இப்போது நம் நாட்டுக்கென்றே உள்ள ஒரு தொந்தரவு. கேமராவைத் திறந்தால் படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கேமரா பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. கேமராவில் பழுது இல்லை. இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்கும் நம் ஊரில் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன, நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை வாங்கும் நேரம் இந்தத் துடிப்போடு ஒத்துப்போக வேண்டும். பல கேமராக்கள் பெட்டியிலிருந்து எடுக்கும்போது 60-க்கு அமைந்திருக்கும், ஆகவே பட்டை. ஜியூவிசிவியூ என்ற இலவசச் செயலியை நிறுவித் திறந்தால் கேமராவின் எல்லாக் கட்டுப்பாடுகளும் ஒரு பலகையில் தெரியும். அதில் ‘பவர் லைன் ஃப்ரீக்வென்சி’ என்ற இடத்தில் 50 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுத்தால் பட்டை அந்த நொடியே போய்விடும். பல கேமராக்கள் பிடுங்கிச் செருகினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், எனவே அமைப்பை அதே செயலியில் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

தோல் தொழிலில் இருப்பவர்களுக்கு இதே பலகையில் இன்னொரு முக்கியமான வேலை இருக்கிறது. வெளிநாட்டுப் பையருக்கு வீடியோவில் சாம்பிள் காட்டும்போது டேன் நிறத் தோல் திரையில் சாம்பல் பூத்துத் தெரிவதைப் பார்த்திருப்போம். கேமராவின் தானியங்கி ‘வெள்ளைச் சமன்’ செய்யும் வேலை அது. காட்சி முழுவதும் சராசரியாகச் சாம்பலாக இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. பழுப்புத் தோல் திரையை நிறைத்தால், விளக்குதான் மஞ்சளாக எரிகிறது என்று நினைத்து நீலத்தைக் கூட்டிவிடுகிறது. நிறத்துக்காகவே ஆர்டர் நிற்கும் தொழிலில் இது சின்ன விஷயமில்லை. ஜியூவிசிவியூவில் தானியங்கி வெள்ளைச் சமனை அணைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி அது வெள்ளையாகத் தெரியும்வரை வெப்ப எண்ணை நகர்த்த வேண்டும். நாம் அதிகம் வாங்கும் ‘கூல் டேலைட்’ விளக்கு 6500 கெல்வின், எனவே அந்த எண்ணின் பக்கத்தில் தேடலாம். பிறகு தாளை எடுத்துவிட்டுத் தோலை வைத்தால் மேசையில் இருக்கும் நிறத்துக்கு மிக அருகில் திரையிலும் வரும். தானியங்கி எக்ஸ்போஷரையும் அதேபோல அணைத்துவிட்டால் கறுப்புத் தோலை வைத்தபோது படம் வெளுக்காது.

ஃபோகஸ் விஷயத்தில் மட்டும் அமைப்பால் ஒன்றும் செய்ய முடியாது, வாங்கும்போதே பார்க்க வேண்டும். விலை குறைந்த கேமராக்களில் பெரும்பாலும் ஃபோகஸ் நிலையானது, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்துக்கு அமைத்திருப்பார்கள். 2010இல் வந்து இன்றும் விற்கும் லாஜிடெக் சி270 அந்த வகை. 720 அளவு, யுவிசி, லினக்ஸில் செருகியவுடன் ஓடும். விலை ஏறத்தாழ இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி ஏறி இறங்கும். ஆன்லைன் வகுப்புக்கும் மாமாவோடு வீடியோவில் பேசுவதற்கும் அதற்குமேல் வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் அதில் தோலின் கிரெய்னைக் காட்டக் கிட்டே கொண்டுபோனால் மங்கிவிடும். தையலையும் கிரெய்னையும் காட்ட வேண்டியவர்களுக்கு லென்ஸைக் கையால் திருகி ஃபோகஸ் செய்யும் வளையம் உள்ள கேமரா வேண்டும். மலிவு விலையிலேயே அப்படிப்பட்டவை கிடைக்கின்றன. தானே ஃபோகஸ் செய்யும் சி920 மாதிரி கேமராவுக்கு அதைவிடப் பல மடங்கு கொடுக்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்து ஒரே தூரத்தில் சாம்பிள் காட்டும் வேலைக்குத் திருகும் வளையமே மேல், அது நடுவில் தானாக மாறாது.

ஓர் எச்சரிக்கை. இதுவரை சொன்னது எல்லாம் யுஎஸ்பி கேமராவுக்கு. கடந்த சில ஆண்டுகளில் வந்த சில மெல்லிய மடிக்கணினிகளில், ஃபோனில் இருப்பதுபோல, சென்சார் நேராகப் பிராசஸரின் படப் பகுதியோடு இணைந்திருக்கும். இன்டெலின் ஐபியு6 என்ற பகுதி அதில் முக்கியமானது. நடுவில் யுஎஸ்பியும் இல்லை, யுவிசியும் இல்லை. லினக்ஸில் இவை எல்லாம் சரியாக ஓடுவதாக இன்னும் சொல்ல முடியாது. இதற்காக 2018இல் லிப்கேமரா என்ற திட்டத்தைத் தொடங்கியவர்களில் அதே லோரான் பான்ஷாரும் ஒருவர், வேலை நடந்துகொண்டிருக்கிறது. புது மடிக்கணினி வாங்கி லினக்ஸ் போட நினைப்பவர்கள் மாடல் எண்ணோடு இதை விசாரித்துவிட்டு வாங்க வேண்டும். விசாரிக்க ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் சென்னையிலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன, தமிழிலேயே கேட்கலாம். வாங்கிவிட்டவர்கள் ஒரு யுஎஸ்பி கேமராவைச் செருகிக்கொண்டால் சிக்கல் தீர்ந்தது.

இரண்டாயிரமும் இப்போது முடியாது என்பவர்கள் கையிலிருக்கும் ஃபோனைப் பார்க்கலாம். ஆண்ட்ராய்டு 14 முதல், ஃபோன் கம்பெனி அனுமதித்திருந்தால், ஃபோனே யுவிசி கேமராவாக மாறிவிடும். கணினியோடு கேபிளில் இணைத்துவிட்டு, ஃபோனில் மேலிருந்து இறங்கும் யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டால், கோப்புப் பரிமாற்றம் என்பதற்குக் கீழே ‘வெப்கேம்’ என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், லினக்ஸ் அதைக் கடையில் வாங்கிய கேமராவாகவே எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால், ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்குப் பிந்தைய ஃபோனுக்கு எஸ்சிஆர்சிபிஒய் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. லினக்ஸில் போலிக் கேமரா ஒன்றை உருவாக்கும் வி4எல்2லூப்பேக்கோடு சேர்த்து அதை ஓட்டினால் இதே பலன் கிடைக்கும், ஆனால் இரண்டு கட்டளைகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். எந்த வழியானாலும் நடுத்தர ஃபோனின் பின்பக்கக் கேமரா, இரண்டாயிரம் ரூபாய் வெப்கேமராவைவிட நல்ல படம் தரும், கிட்டே வைத்த தோலுக்கும் ஃபோகஸ் ஆகும். ஃபோனை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டாண்ட் மட்டும் வாங்க வேண்டியிருக்கும்.